டயாலிசிஸ் அறையில் டுரியான் வாசம்

1. மோப்பம்

அந்தத் திங்கட்கிழமை காலையில் கோவிந்தன் அண்ணே மகளுடைய காரிலிருந்து இறங்கினார். இரண்டு அடி வைத்ததும் கால் மடங்கிவிட்டது. மகள் மாலா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு போய் அவருடைய வழக்கமான நாற்காலியில் சாய்த்தோம்.

"ராத்திரி சரியா தூங்கல அங்கிள், அதான்," என்றாள் மாலா.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேண்டாவெறுப்பாக ஆபீசுக்கு வரும் குமாஸ்தா மாதிரி, நின்று நின்று நடந்துகொண்டிருந்தது. குனிந்து அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன்.

டுரியான்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என் பெயர் சேவியர். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் நடக்கும் டயாலிசிஸ் சென்டருக்கு நான்தான் இன்சார்ஜ். அரசாங்க ஆஸ்பத்திரியில் மெடிக்கல் அசிஸ்டண்டாகக் காலம் தள்ளி, ஓய்வு பெற்று, வீட்டில் இருந்தால் மனைவி கோழிக்கூண்டு கழுவச் சொல்வாள் என்று பயந்து இங்கே சேர்ந்தவன். கடவுள் எனக்கு அழகில் சிக்கனம் பிடித்து, மிச்சத்தை எல்லாம் மூக்கில் வைத்துவிட்டார். அந்த மூக்கை வைத்துத்தான் இந்தத் தொழிலில் பேர் வாங்கினேன்.

கிட்னி வேலை செய்யாதவருக்கு உடம்பில் சேரும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லை. மெஷின் ஒன்றுதான் வழி. டுரியான் என்பது பலாவைப் போல முள் ஓடும், ஊரையே கூட்டும் வாசமும் கொண்ட பழம்; அதில் பொட்டாசியம் நிறைய. திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும் மெஷின் கிடையாது. அந்த இடைவெளியில் வயிறு நிறைய டுரியான் சாப்பிட்டால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகலாம். நாங்கள் இருப்பதோ டுரியான் விளையும் பேராக் மாநிலத்தில். சீசன் வந்துவிட்டால் கோப்பெங் ரோட்டோரம் முழுக்கக் கடை போட்டுக் கூவிக் கூவி விற்பார்கள். அந்த மாதங்களில் திங்கட்கிழமை காலை என்றாலே எனக்குப் பேதி மாத்திரை தேவைப்படாது.

அதனால் சீசன் நேரத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகர்ந்துதான் உள்ளே விடுவேன். டுரியான் ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாசம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாய் வாசம் போகாது என்பது எனக்குத் தெரியும். ரோஸ்லின் அக்கா என்று ஒருவர், கோவிந்தன் அண்ணேவுக்குப் பக்கத்து நாற்காலி. பற்பசையை விழுங்கிவிட்டே வருவார். ஒருமுறை பிடிபட்டதும், "நாய்க்குப் பொறந்த மூக்குடா ஒனக்கு!" என்று ஆசீர்வதித்தார். அன்றிலிருந்து நான் சென்டரின் மோப்ப நாய்.

நானும் அந்தப் பேருக்குப் பங்கம் வராமல் குரைப்பேன். "டுரியான் சாப்பிட்டா நேரா மேல டிக்கெட்டு. ரிட்டர்ன் கெடையாது லா!" என்பேன். அறையே சிரிக்கும். அதிகமாகச் சிரிப்பவர் கோவிந்தன் அண்ணேதான்.

அவர் ரப்பர் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது லாரிக்கு மாறினார். தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்கு ஓட்டியவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், முதலில் கிட்னியைக் கெடுத்தது, அப்புறம் கால் நரம்பை, அப்புறம் இதயத்தையும் எட்டிப் பார்த்தது. குறையே சொல்லாத மனிதர். "எப்படிண்ணே?" என்றால் "பாகூஸ்!" என்பார், மலாயில் பிரமாதம் என்று. நானும் நல்லது என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை அவர் பாகூஸ் சொல்லவில்லை. ஈசிஜி எடுத்தோம். காகிதத்தில் கூடாரம் கூடாரமாக எழும்பி நின்றது. பொட்டாசியம் எகிறிவிட்டதைச் சொல்லும், இந்த வேலையில் இருப்பவர்கள் கனவிலும் பார்க்க விரும்பாத படம். பெரிய டாக்டருக்கு, அதாவது எங்கள் கிட்னி ஸ்பெஷலிஸ்டுக்கு, போன் போட்டேன்.

"பொட்டாசியம் கொறஞ்ச கரைசல் போட்டு உடனே கனெக்ட் பண்ணு. ஆம்புலன்ஸ் கூப்பிடு. அவரை விட்டு நகராதே."

ஊசி குத்தி மெஷினில் இணைத்தேன். பயம் தெரியாமலிருக்க வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"ஏண்ணே, எத்தன சுளை?"

"அரைப் பழம்."

"அரைப் பழமா! செத்துப் போவீங்கன்னு நாந்தான் படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாடா தம்பி," என்றார். "நீதான் சொன்ன."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாலா நின்றுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவளை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2. பக்கத்துக் கட்டில்

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வார்டுக்குப் போனேன். மாலா கேண்டீனுக்குப் போயிருந்தாள். அண்ணே கட்டிலில் உட்கார்ந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்கக் கீறல், காய்ந்த ரத்தக் கோடு. வாரத்துக்கு மூன்று நாள் என் கண்முன்னே படுத்திருந்த மனிதர். அவருடைய கை ரத்தநாளம் எங்கே வளைகிறது, எங்கே நெளிகிறது என்று தூக்கத்திலும் சொல்வேன். முதுகை நான் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அது கெடக்குது, ரொம்ப நாளா. ராத்திரியில காலுக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கும். ஒரு எடத்துல வைக்க முடியாது. மாலா காலுக்கு எண்ணெய் தேச்சி விடும். அதுக்குக் காலையில என்ன சென்டருக்குக் கூட்டிட்டு வரணும், மத்தியானம் வேல. நான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன், அது போய்ப் படுக்கட்டும்னு."

சாவதற்காகவே சாப்பிட்டாரா என்று கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்காமல் சீப்பை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவரே என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்.

"சாவணும்னு சாப்பிடலடா. செத்தாலும் பரவால்லன்னு தோணிருச்சி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணே, முடியலன்னு."

"முடியலன்னு சொன்னா? இவருக்கு மெஷின் வேணாமாம்னு நாற்காலிய வெய்ட்டிங்ல இருக்கிற ஆளுக்குக் குடுத்துருவீங்க. அப்பறம் மாலா மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

வலிக்கிறது என்று சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று இவர் நினைத்திருக்கிறார். அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. மகளும் அதே தப்பை வேறு கதவு வழியாகச் செய்துகொண்டிருந்தாள்.

காலையில் பெரிய டாக்டர், வலி நிவாரணப் பராமரிப்பு, அதாவது பேலியேட்டிவ் கேர், பிரிவின் டாக்டர் அஸிமாவை அனுப்பியிருக்கிறார். அவர் தன் பிரிவின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், மாலா திரைச்சீலையை இழுத்துவிட்டு, "எங்கப்பாவுக்கு இன்னும் நேரம் வரல டாக்டர். தெரிமா காசே," என்று நன்றி சொல்லியே விரட்டியிருக்கிறாள்.

கேண்டீனில் அவளைப் பிடித்தேன். பேக்டரியில் சூப்பர்வைசர். அப்பாவுக்காகப் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டவள். முன்னால் இருந்த கோப்பி ஆறிப் போயிருந்தது.

"அந்த டிபார்ட்மெண்ட் எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா அங்கிள்? போன தடவ அப்பா இங்க இருந்தப்ப பக்கத்துக் கட்டில் ஆளுக்கு வந்தாங்க. அடுத்த வாரம் கட்டில் காலி."

நான் என்ன சொல்வது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பிரிவிலிருந்து யாராவது எங்கள் சென்டருக்கு வந்தால், சாகக் கிடப்பவர் வீட்டுக்குப் பாதிரியார் நற்கருணைப் பெட்டியோடு வந்ததைப் போல நான் ஒதுங்கி வழிவிடுவேன். நோயாளிகள் அதற்கும் மேல். ஏர்கண்டிஷன் குளிருக்கு எல்லோரும் போர்வை வைத்திருப்பார்கள். அந்த டாக்டர் உள்ளே வந்தால் எல்லாப் போர்வையும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் ஏறிவிடும். பார்த்தால் பார்சல் ஆபீஸ் போலிருக்கும்.

"பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசு மா," என்று மட்டும் சொன்னேன். அப்பா எதற்குச் சாப்பிட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அது அவர் வாயிலிருந்து வரவேண்டியது. ஆனால் அவர் சொல்வதற்குள் இன்னொரு சனி ஞாயிறு வந்துவிட்டால்?

பெரிய டாக்டரை இருவருமாகப் பார்த்தோம். மாலா கேட்டது ஒரே கேள்வி. "மெஷின நிறுத்தப் போறீங்களா?"

"யாரு சொன்னா? மெஷின் ஓடும். அதோட கூட அவங்களும் வருவாங்க. மெஷின் ரத்தத்த சுத்தம் பண்ணும் மா. அரிப்புக்கு, வலிக்கு, பயத்துக்கு அதுல பட்டன் கெடையாது."

மாலா கைப்பையின் வாரை முறுக்கினாள். "சரி. ஆனா அவங்க சென்டருக்கு வர்றப்ப நான் பக்கத்துல இருப்பேன். நிறுத்துறதப் பத்தி ஒரு வார்த்த வந்தாலும் அப்பாவ எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"ஊசியோடயா மா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

3. போர்வைகள்

டாக்டர் அஸிமா வந்த நாளில் போர்வைகள் மேலேறின. ரோஸ்லின் அக்கா குறட்டை கூட விட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் தூங்கியதே கிடையாது. என் மனைவியைப் பற்றி விசாரிப்பதற்கே அந்த நாலு மணி நேரம் அவருக்குப் போதாது.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கோவிந்தன் அண்ணே பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மாலா. அண்ணே லாரி ஓட்டியவர், மலாய் நன்றாகவே பேசுவார். ஆனால் டாக்டர் என்னையும் உட்காரச் சொன்னார். "வலியைப் பத்தி அவர் தமிழ்லயே சொல்லட்டும். நீங்க எனக்குச் சொல்லுங்க," என்றார் மலாயில். என்னைப் போன்றவனை மொழிபெயர்ப்பாளராக்கும் ஆபத்து அவருக்குப் புரியவில்லை. வாயைக் கட்டுவது எனக்கு, என் நோயாளிகள் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதைவிடக் கஷ்டம்.

முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததே இல்லை. "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?"

அண்ணே மாலாவைப் பார்த்தார். "பாகூஸ்," என்றார்.

அது மலாய்தான், நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. டாக்டரும் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரிச் சும்மா இருப்பது ஒரு வேலை என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அண்ணே இப்போதும் மறைத்துவிட்டால், சனிக்கிழமை வந்துவிடும், கோப்பெங் ரோட்டில் கடை திறந்திருக்கும்.

"அண்ணே," என்றேன், "சீப்பைப் பத்திச் சொல்லுங்க."

மாலா நிமிர்ந்தாள். "என்ன சீப்பு?"

அப்புறம்தான் அவர் பேசினார். அரிப்பு, எறும்பு, தூங்குவதுபோல் நடித்த இரவுகள், எல்லாம் வந்தது. நான் ஒவ்வொன்றாக மலாயில் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் மெஷின் கத்தியது. பிரஷர் இறங்கிவிட்டது. எழுந்து அண்ணேவின் காலைத் தூக்கி வைத்து, அவர் உடம்பிலிருந்து மெஷின் தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தேன். பிரஷர் ஏறும்வரை நாங்கள் நால்வரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் ஏறியதும் அண்ணேதான் முதலில் பேசினார்.

"இது அடிக்கடி வருது மா. ஒனக்குச் சொல்ல வேணாம்னு இவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

மாலா என்னைப் பார்த்த பார்வையில் என் மீசை கருகியிருக்க வேண்டும்.

டாக்டர் மெதுவாக, எது பெரிய பயம் என்று கேட்டார்.

"செத்துப் போறதுக்குப் பயம் இல்ல. மூக்குல வாயில குழாயப் போட்டு, மாலா வெளிய நின்னு கண்ணாடி வழியா பாக்கும் பாருங்க, அதுக்குத்தான். அன்னிக்கி அப்படித்தான் நின்னுச்சி."

"அப்பா..."

"இரு மா. நான் மெஷின நிறுத்தச் சொல்லல. இது வேல செய்யிற வரைக்கும் ஓடட்டும். வேல செய்யலன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. அவ்வளவுதான். அந்த டுரியான..." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்சுதான் மா சாப்பிட்டேன். இனிமே மாட்டேன்."

மாலா புரிந்துகொள்ள ஒரு விநாடி ஆனது. அப்புறம் புரிந்தது. "நான் என்னாப்பா கொற வச்சேன்?" என்றாள்.

"கொறயா? எனக்கு வலிக்குதுன்னு சொன்னா ஒனக்கும் வலிக்கும். அதான் சொல்லல. கொற என்னா கொற."

இதை நான் மலாயில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி, வேண்டாம், புரிந்தது என்றார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர்.

பிறகு டாக்டர், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அண்ணே என்னைக் கண்ணால் காட்டி மலாயிலேயே சொன்னார். "இந்த டுரியான் மோப்ப நாயக் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க, சொல்றேன்."

மாலாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் முன்னால் சாய்ந்து, "எந்த வகை? கம்போங்னு சொல்ற நாட்டு டுரியானா?" என்று கேட்டார். கசப்பா இனிப்பா என்று இருவரும் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் பிரஷர் ஏறியது.

பக்கத்துப் போர்வை மூக்குவரை இறங்கியிருந்தது. குறட்டை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

4. ஒரு சுளை

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அரிப்புக்கும் கால் நரம்புக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கிட்னி இல்லாத உடம்பில் மருந்து சீக்கிரம் வெளியே போகாது. அதனால் டயாலிசிஸ் முடிந்த பிறகு, ரொம்பக் குறைந்த அளவில்தான் கொடுக்க வேண்டும். அந்தக் குறைந்த அளவே அண்ணேவுக்குக் கூடுதலாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மாலா போனில் அலறினாள்.

"அங்கிள், நான் அப்பவே சொன்னேன்ல! எழுப்பினா குழறிக் குழறிப் பேசுறாரு. இது இந்த மருந்து வேல தானே?"

டாக்டர் அஸிமாவைப் போனில் பிடித்தேன். மூச்சு எப்படி இருக்கிறது, கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொல்லி, தானே அவசரப் பிரிவில் வந்து நின்றார். மருந்தை நிறுத்தி, மெஷின் போட்டு, தெளிந்த பிறகு அளவை இன்னும் குறைத்தார். "மன்னிச்சிடு மாலா, இவருக்கு நான் நெனச்சத விடக் கம்மியாத்தான் தாங்குது," என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் மாலா அவரை நம்ப ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மெதுவாக மாற்றம் தெரிந்தது. வலிக்குத் தோலில் ஒட்டும் ஒரு மருந்துப் பட்டை. பிரஷர் இறங்காமலிருக்க, தண்ணீரை நிதானமாக எடுத்தோம். பெரிய டாக்டரும் டாக்டர் அஸிமாவும் ஒரே நோட்டில் எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். ஒருநாள் காலையில் "எப்படிண்ணே?" என்றேன். "நேத்து ராத்திரி தூங்கிட்டேன் டா," என்றார். பாகூஸ் என்று சொல்லவில்லை.

டுரியானுக்கும் வழி பிறந்தது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால், மெஷினில் ஏறும் நாளில், ஏறுவதற்குச் சற்று முன்பு, ஒரு சிறிய சுளை. இரண்டு டாக்டர்களும் இவருக்கென்று யோசித்துக் கொடுத்த அனுமதி. தம்பி தங்கைகளே, இதை நீங்களாக யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இதைச் சொல்லும்போது நான் சிரிக்கவில்லை.

பின்கட்டில், தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். மாலா டப்பாவைத் திறந்தாள். நான் பிரஷர் மெஷினும் கையுமாக மந்திரியின் மெய்க்காவலன் போலப் பக்கத்தில் நின்றேன். அண்ணே அந்த ஒரு சுளையை அவசரமில்லாமல் சாப்பிட்டார். கொட்டையை அது வழுவழுவென்று ஆகும்வரை சப்பினார்.

"டேய், என் மொகத்தயே பாக்காத டா. எறங்க மாட்டேங்குது."

வாசம் ஏர்கண்டிஷனில் ஏறி அறை முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே ஒரே கூச்சல்.

"யாருடா அது? அவருக்கு மட்டும் எப்படி குடுக்குற?" ரோஸ்லின் அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. "எங்களுக்கெல்லாம் மூக்கு, அவருக்கு மட்டும் வாயா?"

5. ஓட்டில் தண்ணீர்

அடுத்த சீசன் வந்தபோது அவர் இதயம் மெஷினைத் தாங்கவில்லை. ஏற்றிய சற்று நேரத்தில் பிரஷர் விழும், நிறுத்துவோம். வாரத்துக்கு இரண்டு முறை என்று குறைத்தும் பார்த்தோம். ஒருநாள் பாதியிலேயே கழற்றியபோது, போதும் என்பதுபோல் அவர் மாலாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஒரு வருடத்துக்கு முன் திரைச்சீலையை இழுத்தவள், அன்றைக்கு அவளே டாக்டர் அஸிமாவுக்குப் போன் போட்டாள். நிறுத்தினால் என்ன நடக்கும், மூச்சு வாங்கினால் எந்த மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் டாக்டர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் மெஷின் நாள் காலையில் மாலா கேட்காமல் இருக்கமாட்டாளாம். "அப்பா, சென்டருக்குப் போலாமா?" அவர், "வேணாம் மா," என்பாராம். அந்தப் பதிலை அவளுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். மாலாவின் போன்.

"அங்கிள், அப்பா டுரியான் கேக்குறாரு. நீங்கதான் முகந்து பாத்து வாங்கணுமாம். நாய்க்குத்தான் நல்லது தெரியும்ங்கறாரு."

கோப்பெங் ரோட்டில் ஒரு கடையில் ஒவ்வொரு பழமாக மூக்கருகே தூக்கிப் பார்த்தேன். கடை முதலாளி தவ்கேவுக்கு நான் அடித்த கூத்து பொறுக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வண்டியில் வைத்தேன். வாழ்நாள் முழுக்க எதை வாசலில் பிடித்துத் தடுத்தேனோ, அதை நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

கூடத்தில், சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். அண்ணே ரொம்பச் சுருங்கியிருந்தார். முதுகில் கீறல் இல்லை. ஓட்டைப் பிளந்தேன். மாலா விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் வைத்தாள். நாக்கால் தொட்டார். ரொம்ப நேரம் ருசி பார்த்தார்.

"கசப்பா, இனிப்பாண்ணே?"

"ரெண்டும்." அப்புறம், "தண்ணி."

டுரியான் தின்ற பிறகு அதே ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் உடம்புச் சூடு தணியும் என்பார்கள். மாலா வெறும் சுளைக்குழியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினாள். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவுக் கோப்பை இருக்கும். நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் காட்டி மிரட்டுவதற்காக. என் கையும் பழக்கதோஷத்தில் அந்தப் பைக்குள் போய்விட்டிருந்தது.

"எவ்வளவு குடுக்கலாம் அங்கிள்?"

கையை வெளியே எடுத்தேன். "அவருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடு மா."

இந்த வார்த்தையை என் சர்வீசில் நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் இரண்டு வாய்தான் குடித்தார். மிச்சத்தில் என் கையைக் கழுவச் சொல்லி மாலா ஓட்டை நீட்டினாள். நான் கழுவவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில், சென்டர் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் மறுபடி கூப்பிட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டார். குழாய் இல்லை, கண்ணாடி இல்லை, அவள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். எடுப்பது மாலையில் என்றாள். மெஷின்கள் காத்திருக்காது. முதல் ஷிப்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன்.

ரோஸ்லின் அக்கா வந்தார். நின்றார். முகத்தைச் சுளித்து மூக்கை உறிஞ்சினார்.

"கையக் காட்டு," என்றார்.

நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார், கையை விட்டுவிட்டார்.

"சாப்பிட்டாரா?"

"கொஞ்சம்."

தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, போர்வையை இடுப்புவரை மட்டும் இழுத்துக்கொண்டார். நான் ஊசிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா மறுபடி எப்ப வராங்க?"

"புதன்கிழமை அக்கா. ஏன்?"

"எங்கிட்டயும் வரச் சொல்லு லா. எனக்கும் ராத்திரியில காலு ஒரே குத்தல்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் அடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். தட்டைக் கீழே வைத்தேன். டாக்டர் அஸிமா உட்கார்ந்த அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா அக்கா?" என்று கேட்டுவிட்டு, சும்மா இருந்தேன்.